விரல் மரத்துப்போவதற்கும் காது மந்தமாவதற்கும் சம்பந்தம் உண்டா? (ஃபெட்லிங் வேலை)

கேட்டவர்: பீளமேட்டுத் தம்பி

என் அண்ணன் கோவையில் ஒரு ஃபவுண்டரியில் (வார்ப்பாலை) ஃபெட்லிங் செக்‌ஷனில் இருக்கிறார். காஸ்டிங்கில் (வார்த்தெடுத்த இரும்புப் பொருள்) ஒட்டியிருக்கும் பிசிறை சிப்பிங் ஹேமரால் தட்டி எடுத்துவிட்டு, அப்புறம் ஹேண்ட் கிரைண்டர் போட்டுத் தேய்ப்பது, நாள் முழுக்க இதுதான் வேலை. கொஞ்ச காலமாக ராத்திரியில் விரல்கள் மரத்துப்போகின்றன, சட்டை பட்டன் போடவே தடுமாறுகிறார். கூடவே காதில் ஙொய் என்று ஒரு சத்தம். குழந்தை பேசினால் "என்ன, என்ன" என்கிறார், டிவியை அலற விடுகிறார். வேலையில் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்கிறார். சூப்பர்வைசரோ விரலுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார். நிஜமாகவே சம்பந்தம் இல்லையா?

பதில்: சேஃப்டி செல்வம்

சம்பந்தம் உண்டு தம்பி. ஃபின்லாந்தில் செயின்சா வைத்து மரம் வெட்டும் தொழிலாளர்களை வைத்து 1981-லேயே இதைப் பற்றி ஆய்வு வெளியானது. ஒரே வயது, ஒரே அளவு இரைச்சல் என்று ஒப்பிட்டுப் பார்த்தபோது, அதிர்வால் விரல் வெளுத்துப்போகும் நோய் இருந்தவர்களுக்கு, 4000 ஹெர்ட்ஸில் (கீச்சென்ற உச்ச சுருதி சத்தம்) கேட்கும் திறன், அது இல்லாதவர்களைவிட சுமார் 10 டெசிபல் கூடுதலாகக் குறைந்திருந்தது. ஏன் என்பதற்குச் சொல்லப்படும் விளக்கம், அதிர்வு நரம்பு மண்டலத்தைத் தூண்டி ரத்தக் குழாய்களைச் சுருங்க வைக்கிறது, விரலில் நடப்பது உள்காதின் நுண்ணிய குழாய்களிலும் நடக்கலாம், ஏற்கெனவே இரைச்சலில் அடிபடும் செல்களுக்கு ரத்தமும் குறைந்தால் அவை சீக்கிரம் சாகும் என்பது. இது இன்னும் முழுசாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் ஒரு கையை மட்டும் அதிர வைத்தாலே மற்ற கையிலும் ரத்த ஓட்டம் குறைவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அதிர்வு மட்டும் தனியாகக் காதைக் கெடுக்கும் என்று நான் சொல்லவில்லை, இரைச்சலோடு சேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது. ஐரோப்பாவில் இரைச்சலை மதிப்பிடும்போது அதிர்வோடு சேர்ந்து வரும் விளைவையும் முதலாளி பார்க்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

நம் ஊர் வெயிலில் விரல் வெளுப்பது அபூர்வம், மரத்துப்போவதும் குறுகுறுப்பும்தான் முதலில் தெரியும். அதனால் "வெளுக்கவில்லையே" என்று யாராவது தட்டிக்கழித்தால் விடாதீர்கள்.

பதில்: காதுப் பரிசோதகர்

பஞ்சு வேண்டவே வேண்டாம், அது அநேகமாக எதையும் தடுக்காது. காதை அடைக்கும் ஃபோம் பிளக்கை விரலால் மெல்லிசாக உருட்டி, மற்ற கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலே, பின்னால் இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரிந்து அடைக்கும் வரை விரலால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது போட்டும் போடாத மாதிரிதான்.

ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளந்து வரையும் வரைபடம்) எடுக்கும்போது முந்தைய நாள் ஷிஃப்டுக்கு அப்புறம் ஒரு ராத்திரி முழுக்க சத்தமில்லாமல் இருந்துவிட்டு, காலையில் வேலைக்குப் போவதற்கு முன் போகச் சொல்லுங்கள். வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுந்திருந்தால் இரைச்சல்மேல்தான் முதல் சந்தேகம். விரல் மரத்துப்போவதையும் கட்டாயம் சொல்ல வேண்டும், பலர் காது டாக்டரிடம் கையைப் பற்றிப் பேசுவதே இல்லை. சர்க்கரையும் பார்த்துவிடுங்கள், அதுவும் விரல் மரத்துப்போக ஒரு காரணம். உள்காதில் செத்த செல் திரும்ப முளைக்காது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் இவ்வளவும்.

பதில்: பழைய ஃபெட்லர்

பிளக் சத்தத்தைத்தான் குறைக்கும், அதிர்வு கை வழியாகப் போய்க்கொண்டேதான் இருக்கும். சிப்பிங் செய்யும்போது இடது கையால் உளியையே பிடித்துக்கொள்ளும் பழக்கம் நிறைய பேருக்கு உண்டு, அதிர்வு மிக அதிகமாக வருவது அங்கேதான். முனை மழுங்கிய உளி, ஒரு பக்கம் தேய்ந்து ஆட்டம் போடும் கிரைண்டர் வீல் இரண்டையும் உடனே மாற்றக் கேளுங்கள். காஸ்டிங்கை இரும்பு மேசையில் அப்படியே வைக்காமல் ரப்பர் பாய் அல்லது மணல் மேல் வைத்தால் அது கணகணவென்று அதிர்வது குறையும். அதிர்வு தடுக்கும் கையுறை போட்டால் போதும் என்று நம்பிவிடாதீர்கள். பீடி, சிகரெட் இருந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள், அதுவும் ரத்தக் குழாயைச் சுருக்கும்.

பீளமேட்டுத் தம்பி

ரொம்ப நன்றி அண்ணா. இஎஸ்ஐயில் காட்டினால் வேலைக்குப் பிரச்சினை வருமோ என்று அண்ணன் பயப்படுகிறார்.

சேஃப்டி செல்வம்

பயம் நியாயம்தான். ஆனால் இரைச்சலால் வரும் காது கேளாமை சட்டப்படியே தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது, இஎஸ்ஐயில் பதிவாகாமல் விட்டால் பின்னால் இழப்பீடு கேட்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. நம் விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் உச்சம், செக்‌ஷனில் கடைசியாக எப்போது அளந்தார்கள், எவ்வளவு வந்தது என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். தனியாகக் கேட்கத் தயங்கினால் செக்‌ஷன் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். எந்த டூல், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எத்தனை வருஷமாக என்று ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள்.