வான் (van) வண்டியில் பயணம் போயிருக்கும்போது வீட்டில் அவசரம் என்றால்: வண்டியை விட்டுவிட்டு வருவதா, ஓட்டிக்கொண்டு வருவதா?

முள்ளியவளையான்:

முல்லைத்தீவுப் பக்கம் எங்கள் வயல் மானாவாரி, மழையை நம்பினது, சிறுபோகம் (இரண்டாம் போகம்) கிடையாது. காலபோக நெல்லை வெட்டி விற்றதும் நானும் மனைவியும் கிளம்பிவிடுவோம். பழைய ஹயேஸ் டொல்பின் வான் ஒன்றில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் பூட்டி வைத்திருக்கிறோம். அடுத்த விதைப்பு வரைக்கும் அதுதான் வீடு.

இந்த முறை மலைநாட்டில் அப்புத்தளைப் பக்கம் நிற்கும்போது, ஊரில் ஐயா (அப்பா) முற்றத்தில் மயங்கி விழுந்துவிட்டார். செய்தி ஊரிலிருந்து வரவில்லை, சுவிஸில் இருக்கிற தங்கச்சி எடுத்துச் சொன்னாள். எங்கள் ஊரில் நாய் குரைத்தாலும் முதலில் சூரிச்சுக்குத்தானே தெரியும். மலையில் சிக்னலும் விட்டு விட்டு வந்தது. "ஐயா", "ஆஸ்பத்திரி", "உடனே வா" இவ்வளவும்தான் காதில் விழுந்தது.

இரவோடு இரவாக வானை எடுத்தேன். நுவரெலியா தாண்டி றம்பொடை இறக்கத்தில் பிரேக் கருகிய மணம். மனைவி கந்தசஷ்டி கவசத்தை இரண்டாம் தரம் தொடங்கிவிட்டாள். விடிந்து வந்து பார்த்தால் ஐயா கட்டிலில் இருந்து பாண் சாப்பிடுகிறார். சாப்பிடாமல் சீனி வருத்தத்து (நீரிழிவு) குளிசையைப் போட்டிருக்கிறார், சீனி இறங்கிவிட்டது. "நீ ஏன் இப்ப ஓடி வந்தனி" என்று எனக்கு ஏச்சு வேறு.

அடுத்த முறை பாண் சாப்பிடுகிற நிலையில் இருப்பார் என்று சொல்ல முடியாது. வானில் திரிகிறவர்கள் இப்படி நேரத்தில் என்ன செய்கிறீர்கள்?

மாங்குளம் லொறிக்காரன்:

தம்பி, வானை விட்டுவிட்டு வா. நான் கண்டி - யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் இரவில் லொறி ஓடுகிறவன். மனம் பதறிய ஆளுக்கு அந்த நேரத்து ஓட்டம் சரிவராது. ஓமந்தை தாண்டினால் மாடுகள் தார் ரோட்டில்தான் படுத்திருக்கும், சூடு பிடித்த ரோட்டை விட்டு எழும்பாது. அறுவடைக் காலம் என்றால் பாதி ரோட்டில் நெல் காயும், ஓரத்துக்குக் கல்லும் கட்டையும் வைத்திருப்பார்கள். மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் பக்கம் போனால் யானை. இதையெல்லாம் நித்திரை முழித்துக்கொண்டு, வீட்டையும் முதுகில் சுமந்துகொண்டு ஓட்டப் போகிறாயா?

நிற்கிற ஊரில் ஒரு பெற்றோல் செட்டிலோ கோயில் வளவிலோ சொல்லிவிட்டு வானை நிறுத்து. காஸ் சிலிண்டரின் வால்வைப் பூட்டு, பிறிட்ஜில் மீன் இருந்தால் யாருக்காவது கொடு. கண்டிக்கு வந்தால் யாழ்ப்பாண பஸ் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு வரலாம். ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இறக்கத்துக்கு முதலே தாங்கித் தண்ணீரைத் திறந்துவிடு, சின்ன கியரில் இறங்கு.

வவுனியா நேர்ஸ் அக்கா:

வான் கதை ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கள் எப்படி வந்தாலும் அரை நாள் ஆகும். முதல் அரை மணித்தியாலம் பக்கத்தில் நிற்கிறவரின் கையில். அவருக்கு 1990 அம்புலன்ஸ் நம்பர் தெரியுமா? காசு கேட்கமாட்டார்கள் என்பது தெரியுமா? எத்தனையோ பேர் ஓட்டோ தேடியே நேரத்தை விடுகிறார்கள்.

ஐயாவின் கிளினிக் கொப்பியை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உங்கள் போனிலும் தங்கச்சியின் போனிலும் வைத்திருங்கோ. என்ன குளிசை, எவ்வளவு என்று டொக்டர் கேட்கும்போது "வெள்ளைக் குளிசை" என்று சொன்னால் ஒன்றும் விளங்காது. சீனி இறங்கினால், விழுங்கக்கூடிய நினைவு இருந்தால் மட்டும் சீனித்தண்ணீர். நினைவு இல்லாதவருக்கு வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, அம்மாவுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கோ.

இன்னொன்று. முல்லைத்தீவில் பார்த்துவிட்டு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மாற்றினால், அம்புலன்ஸ் புதுக்குடியிருப்பு, பரந்தன் வழியாகப் போய்விடும். நீங்கள் மாங்குளத்தில் வலப்பக்கம் திரும்பி முல்லைத்தீவு போய் வெறும் கட்டிலைப் பார்ப்பீர்கள். சந்திக்கு வருமுன் ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்புங்கோ.

பழைய தபால்காரர்:

வயது போன தாய்தகப்பனை விட்டுவிட்டு இந்த ஊர்சுற்றல் தேவைதானா?

முள்ளியவளையான்:

தபால்கார ஐயாவுக்கு: அந்த வானுக்குப் பெயின்ற் அடித்ததே எங்கள் ஐயாதான். எங்களை வீட்டில் வைத்திருந்தால் சண்டைதான் என்கிறார்.

அக்கா, கொப்பியை இன்று படம் எடுத்தாயிற்று. பக்கத்து வீட்டுத் தம்பியிடம் 1990ஐச் சொல்லி, அவனுடைய நம்பரைத் தங்கச்சிக்கும் கொடுத்துவிட்டேன். இனி அவள் முதலில் அவனுக்குத்தான் எடுக்க வேண்டும், எனக்குப் பிறகு.

லொறிக்கார அண்ணை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் வானை நம்பி விடக்கூடிய இடம் உங்களுக்குத் தெரிந்து இருந்தால் சொல்லுங்கோ. மனைவி அடுத்த பயணத்துக்கு அதைத்தான் நிபந்தனையாகப் போட்டிருக்கிறாள்.