ரோட்டரி கட்டர் ஸ்கேல் மேல் ஏறி விரலைக் கிழித்துவிட்டது. எங்கே தப்பு செய்கிறேன்?

முத்தியால்பேட்டை பருத்தி:

எல்லோருக்கும் வணக்கம். நான் புதுச்சேரி, முத்தியால்பேட்டை. எட்டு மாதமாக ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றுக்கொண்டு வருகிறேன். மகளுக்கு ஆனி மாதம் பிரசவம். பிறக்கப்போகும் குழந்தைக்காக அம்மாவின் பழைய சுங்குடிப் புடவைகளை வெட்டி ஒரு சின்னப் போர்வை தைக்க ஆரம்பித்தேன். 5 அங்குலச் சதுரம், அகலத்துக்கு 8, நீளத்துக்கு 10, மொத்தம் 80 துண்டு வேண்டும்.

16 துண்டு வெட்டி முடித்தேன். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அடுத்த துணியை எட்டாக மடித்து, வட்ட பிளேடு சக்கரம்போல் உருளும் ரோட்டரி கட்டரால் வெட்டும்போது ஒரு இடத்தில் நூல் அறுபடாமல் நின்றது. அதே இடத்தில் கட்டரை முன்னும் பின்னும் ஓட்டி அழுத்தினேன். பிளேடு துள்ளி ஸ்கேல் மேல் ஏறி, இடது கை ஆள்காட்டி விரலில் நகத்தை ஒட்டிய சதையைக் கிழித்துவிட்டது. ரத்தம் நிற்கவே இல்லை. மாமியார் பதறிப்போய்க் காப்பித்தூளை வைத்து அழுத்தினார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் 3 தையல் போட்டுக்கொண்டு வந்தோம்.

இப்போது கட்டரைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. பேசாமல் கத்தரிக்கோலுக்கே திரும்பிவிடலாமா என்று தோன்றுகிறது. ஆனால் கத்தரியில் வெட்டினால் சதுரங்கள் ஒன்றுக்கொன்று ஒட்ட மாட்டேன் என்கின்றன. நான் எங்கே தப்பு செய்கிறேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை ஊசிநூல்:

அக்கா, முதலில் விரல் நன்றாக ஆறட்டும். அதுவரை கட்டரைத் தொடாதீர்கள். நான்கு விஷயம் மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். என்ன ஸ்கேல், எவ்வளவு தடிமன்? பிளேடு மாற்றி எத்தனை நாள் ஆகிறது? நின்று வெட்டுகிறீர்களா, உட்கார்ந்தா? நான்காவதுதான் முக்கியம். நூல் அறுபடாமல் நிற்கும் இடங்கள் ஒழுங்கில்லாமல் அங்கங்கே வருகின்றனவா, அல்லது சமமான இடைவெளியில் வருகின்றனவா? வெட்டிய துணியை எடுத்து அளந்து பாருங்கள்.

முத்தியால்பேட்டை பருத்தி:

ஸ்கேல் மகள் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேல்தான், மெலிசானது. கட்டர் 45 மி.மீ., பிளேடு அதோடு வந்தது, இதுவரை மாற்றவில்லை. சாப்பாட்டு மேசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெட்டுகிறேன்.

நூலை இப்போதுதான் அளந்தேன், ஆச்சரியமாக இருக்கிறது. ஐந்தரை அங்குலத்துக்கு ஒரு தடவை, ஏறக்குறைய அதே அளவில், இரண்டு மூன்று நூல் அறுபடாமல் நிற்கிறது.

லாஸ்பேட்டை ஊசிநூல்:

நினைத்தேன் அக்கா. 45 மி.மீ. வட்டத்தின் சுற்றளவு 141 மி.மீ., உங்கள் ஐந்தரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. பிளேடு ஒரு முழுச் சுற்று சுற்றி வரும்போதெல்லாம் அதே இடம் வெட்டாமல் விடுகிறது என்றால் அந்த இடத்தில் விளிம்பு உடைந்திருக்கிறது. எப்போதோ குண்டூசி மேல் ஓடியிருக்கும். வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், கடுகைவிடச் சின்னதாக ஒரு பல் தெரியும். விரலால் தடவிப் பார்க்க வேண்டாம்.

ஆக, விரலில் பட்டது பிளேடு கூராக இருந்ததால் இல்லை. மழுங்கியும் பல் விழுந்தும் இருந்ததால்தான் நீங்கள் அழுத்த வேண்டி வந்தது. அழுத்தும்போது கை நம் பிடியில் இருக்காது. நல்ல பிளேடு என்றால் கட்டரின் கனமும் கையின் கனமும் போதும், தள்ள வேண்டிய வேலையே இல்லை. ஒரே தடவை ஓட்டி வெட்டவில்லை என்றால் பிளேடை மாற்று என்று அது சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் அறுப்பது வேண்டவே வேண்டாம்.

புது பிளேடும் இழுத்தால் நடுவில் இருக்கும் திருகைப் பாருங்கள். அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் பிளேடு சுற்றாமல் தேய்த்துக்கொண்டு போகும், லூசாக இருந்தால் ஆடும். உள்ளே பஞ்சு சேர்ந்திருந்தால் துடைத்து ஒரே ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். நம் கடற்காற்றுக்கு அந்த எண்ணெய் அவசியம். உதிரி பிளேடைத் திறந்து வைத்தால் துருப் பிடித்துவிடும்.

இரண்டாவது ஸ்கேல். பள்ளிக்கூட ஸ்கேல் கோடு போடத்தான். அதன் விளிம்பு அவ்வளவு மெலிசு, பிளேடு கொஞ்சம் சாய்ந்தாலும் மேலே ஏறிவிடும். குவில்ட் (ஒட்டுத்துணிப் போர்வை) தைப்பவர்களுக்கான ஸ்கேல் 3 மி.மீ. தடிமனாவது இருக்கும், பிளேடு அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு ஓடும். அகலமும் முக்கியம். 6 அங்குல அகலம் இருந்தால் கையை விளிம்பிலிருந்து 3 அங்குலம் தள்ளி வைக்கலாம். உங்கள் ஸ்கேலில் விரல் வைத்த இடமே விளிம்பு. இங்கே கடையில் கிடைக்காவிட்டால் பெயர்ப்பலகை செய்யும் கடைக்குப் போய், 6-க்கு 24 அங்குல அக்ரிலிக் துண்டு, 3 அல்லது 5 மி.மீ. தடிமன் என்று சொல்லுங்கள், நேராக வெட்டித் தருவார்கள். அடிப்பக்கம் நான்கு மூலையிலும் பொடி உப்புத்தாளைச் சின்ன வட்டமாக வெட்டி இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிவிடுங்கள். துணி மேல் வழுக்காது.

அப்புறம் கை. இதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். நாமெல்லாம் அரிவாள்மணையில் வளர்ந்தவர்கள். அங்கே அலகு நகராது, காய்தான் அலகிடம் போகும், கண்ணும் அலகு மேலேயே இருக்கும். இங்கே தலைகீழ். துணி அசையாது, பிளேடு ஓடும், கண் கோட்டின் மேல் இருக்கும். இடது கை எங்கே இருக்கிறது என்பதே மறந்து போகும். அதனால் கையை வைக்கும் முறையைப் பழக்கமாக்க வேண்டும். விரல்களை விரித்து நுனிகளை ஊன்றுங்கள். சுண்டு விரல் மட்டும் ஸ்கேலுக்கு வெளியே, பிளேடு ஓடாத பக்கம், துணிக்கு அடியில் விரிக்கும் கட்டிங் மேட் மேல் பதிந்திருக்கட்டும். ஸ்கேல் நகர ஆரம்பித்தால் அந்த விரலுக்குத்தான் முதலில் தெரியும். நீளமான வெட்டு என்றால் பாதியில் நிறுத்தி, கட்டரைத் தூக்காமல் அப்படியே துணியில் வைத்துக்கொண்டு, இடது கையை நண்டு நகர்வதுபோல் மேலே நகர்த்தி, மறுபடி ஓட்டுங்கள். எப்போதும் உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத்தான் தள்ள வேண்டும்.

வெட்டி முடித்த அந்த நொடியே பிளேடை மூடுங்கள். அடுத்த வெட்டு அரை நிமிடத்தில் என்றாலும் மூடுங்கள். நறுக்கி முடித்ததும் அரிவாள்மணையைச் சாய்த்து வைக்காமல் யாராவது எழுந்து போவார்களா? அதே பழக்கம்தான்.

உட்கார்ந்து வெட்டாதீர்கள். உட்கார்ந்தால் தோளிலிருந்து பலம் வராது, மணிக்கட்டு மட்டும் அழுத்தும், கட்டர் சாயும். சமையல் மேடை உயரம் சரியாக இருக்கும். அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம், சூட்டில் மேட் வளைந்துவிடும்.

எட்டு மடிப்பு அதிகம், இரண்டோ நான்கோ போதும். சுங்குடி பழசாகிவிட்டால் வழுக்கும், இழுபடும். வடிகஞ்சியில் லேசாகக் கஞ்சி போட்டு இஸ்திரி போடுங்கள், காகிதம்போல் நிற்கும். இது என் பாட்டி வேட்டிக்குச் செய்தது, குவில்ட்டுக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது.

மஞ்சக்குப்பம் டெய்லர்:

தங்கை விளக்கமாகச் சொல்லிவிட்டார். கடலூரில் 30 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், என் பங்குக்கு இரண்டு.

காலைப் பாருங்கள் அம்மா. வீட்டுக்குள் நாம் எல்லோரும் வெறுங்கால்தான். கட்டர் கை தவறினால் நேராகப் பாதத்தில் விழும். விழும் கட்டரை யாரும் பிடிக்கப் போகக் கூடாது, காலை நகர்த்திக்கொள்ள வேண்டும். வெட்டும் நேரத்துக்கு மட்டும் முன்பக்கம் மூடிய செருப்பு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். என் கடைப் பையன் ஒருவன் பெரிய கத்தரியைக் கால் கட்டை விரலில் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து கட்டிங் மேசை ஓரத்தில் எதையும் வைக்க விடுவதில்லை.

கத்தரியைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். காரணம் எதுவானாலும் வழக்கம் நல்லது. கட்டரையும் மூடிக் கீழே வையுங்கள், மற்றவர் எடுத்துக்கொள்ளட்டும்.

லாஸ்பேட்டை ஊசிநூல்:

கிளவுஸ் சொல்ல மறந்துவிட்டேன் அக்கா. வெட்டைத் தாங்கும் பின்னல் கிளவுஸ் ஒன்று வாங்கி ஸ்கேல் பிடிக்கும் கையில் கட்டாயம் போடுங்கள்.

மஞ்சக்குப்பம் டெய்லர்:

போடலாம், ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். தொளதொள என்று இருந்தால் ஸ்கேலில் பிடி கிடைக்காது. அது வெட்டை ஓரளவு தாங்கும், கூர்முனை குத்தினால் தாங்காது. இன்னொன்று, மோட்டாரில் ஓடும் கட்டர் யாராவது வாங்கினால் நூல் கிளவுஸ் கூடவே கூடாது. நூல் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். கம்பெனிகளில் அதற்கு எஃகு வளையங்களால் பின்னிய கையுறைதான் போடுவார்கள்.

முதுநகர் சிஸ்டர்:

நான் ஓய்வுபெற்ற நர்ஸ். காப்பித்தூள் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் மாமியார் அன்பால்தான் செய்தார், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் காப்பித்தூள், மஞ்சள்தூள், சர்க்கரை எதுவும் வெட்டுக்காயத்துக்குள் போகக் கூடாது. தையல் போடுமுன் அவ்வளவையும் கழுவி எடுக்க வேண்டும், கிருமியும் உள்ளே போகும்.

இனி யாருக்கு நடந்தாலும் இப்படிச் செய்யுங்கள். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம். நடுவில் நின்றுவிட்டதா என்று துணியை எடுத்துப் பார்க்காதீர்கள், உறைய ஆரம்பித்த ரத்தம் மறுபடி பிய்த்துக்கொள்ளும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள்.

10 நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டாலோ, காயம் வாய் பிளந்திருந்தாலோ, விரல் நுனி மரத்துப்போனாலோ, மடக்க நீட்ட முடியாவிட்டாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். நரம்பும் தசைநாணும் விரலில் தோலுக்கு மிகப் பக்கத்தில் ஓடுகின்றன. சர்க்கரை நோய் உள்ளவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் சின்னக் காயம் என்று விடக் கூடாது. கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நுனிச் சதை துண்டாகிவிட்டால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வைத்து எடுத்துப் போங்கள். ஐஸ் நேராகச் சதையில் படக் கூடாது.

தனியாக இருக்கும்போது வெட்டுவதானால் போன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். 108 அடிக்க வேறு அறைக்கு ஓட வேண்டியிருக்கக் கூடாது.

முத்தியால்பேட்டை பருத்தி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதினோராம் நாள் தையல் பிரித்தார்கள். நுனி கொஞ்சம் மரமரப்பாக இருக்கிறது, நாளாக ஆகச் சரியாகும் என்றார் டாக்டர்.

பழைய பிளேடில் நீங்கள் சொன்ன அதே பல் இருந்தது. அக்ரிலிக் ஸ்கேல் செய்து வாங்கிவிட்டேன், உப்புத்தாள் ஒட்டியாயிற்று. சமையல் மேடையில் நின்று, கஞ்சி போட்ட துணியை நான்கு மடிப்பாக வைத்து முதல் வெட்டு வெட்டியபோது எனக்கே நம்ப முடியவில்லை. முன்பு கரகர என்று சத்தம் வரும். இப்போது பட்டுத்துணியை உதறுவதுபோல ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். நடுக்கம் முதல் பத்து நிமிடம் இருந்தது, பிறகு போய்விட்டது. பாக்கி 64-இல் 40 துண்டு முடிந்தது.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. இந்தச் சித்திரை வெயிலில் மின்விசிறி போட்டால் துணி பறக்கிறது, நிறுத்தினால் உள்ளங்கை வேர்த்து வழுக்குகிறது. அதனால் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து ஒரு மணி நேரம் மட்டும் வெட்டுகிறேன். பழைய பிளேடை என்ன செய்வது? குப்பைக் கவரில் போட மனசு வரவில்லை. இன்னொரு கேள்வி, என் தங்கை மகள் இடது கைக்காரி, அவளும் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். இதே கட்டர் அவளுக்குச் சரிப்படுமா?

மஞ்சக்குப்பம் டெய்லர்:

குப்பைக் கவரில் போடாததற்கு நன்றி அம்மா. அதைக் கையால் பிரிப்பவர்களின் கையைத்தான் அது வெட்டும். மூடி உள்ள மாத்திரை டப்பா ஒன்றில் சேர்த்து வையுங்கள். நிறைந்ததும் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மேலே 'பிளேடு' என்று பெரிதாக எழுதி, குப்பை வாங்க வருபவரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள்.

லாஸ்பேட்டை ஊசிநூல்:

பல கட்டர்களில் திருகைக் கழற்றிப் பிளேடை மறுபக்கம் மாற்றிப் பொருத்தலாம் அக்கா, உங்களுடையதில் முடிகிறதா பாருங்கள். பிளேடு இருக்கும் பக்கம் ஸ்கேலை ஒட்டி வர வேண்டும், அதுதான் கணக்கு. அவள் கட்டரை இடது கையில் பிடிப்பாள், ஸ்கேலை வலது கை பிடிக்கும், கிளவுஸும் வலது கைக்கு. முதல் நாள் துணியே வேண்டாம். பிளேடை மூடியபடி மேட் மேல் பத்துத் தடவை ஓட்டிப் பழகச் சொல்லுங்கள். கழற்றும்போது திருகு, வாஷர், பிளேடு மூன்றையும் எந்த வரிசையில் எடுத்தீர்களோ அப்படியே ஒரு தட்டில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாஷரின் வளைந்த பக்கம் மாறிவிட்டால் பிளேடு சுற்றாது.