செக்யூரிட்டியில மேற்படிப்பு: கோவையிலயே எம்.டெக்கா, ஜெர்மனியா, இல்ல நேரா வேலையா?

பெருந்துறை_பிரிவு:
பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சுட்டு ரெண்டு வருஷமா சரவணம்பட்டியில சர்வர் சப்போர்ட் பார்க்கறேனுங்க. இன்ஃபர்மேஷன் செக்யூரிட்டிக்கு மாறணும். வீட்டுல 12 லட்சம் தர்றேங்கறாங்க, அதுக்கு மேல போனா பேங்க் கடன்தான். எட்டிமடை அமிர்தா மாதிரி பக்கத்துலயே எம்.டெக் சேர்றதா, வெளிநாடா, இல்ல சர்டிஃபிகேட் முடிச்சுட்டு நேரா வேலையா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்ணா.

நொய்யல்_கரை:
பட்டமே வேண்டாம் தம்பி. மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு செர்ட்-இன் 2022 ஏப்ரல்ல போட்ட உத்தரவுப்படி, தாக்குதல் மாதிரி சம்பவம் தெரிஞ்ச 6 மணி நேரத்துல அறிவிக்கணும், லாக் (சிஸ்டம் தானா எழுதற நடவடிக்கைப் பதிவு) 180 நாள் வெச்சிருக்கணும். கம்பெனிக்கு வேணுங்கறது லாக் படிக்கத் தெரிஞ்ச ஆளு. சர்வர் சப்போர்ட்ல இருந்து அங்க போறது ஒரு எட்டுதான். கூட ஓ.எஸ்.சி.பி.ங்கற ஹேக்கிங் செய்முறைத் தேர்வு எழுதுங்க: 23 மணி 45 நிமிஷம் மெஷினை உடைக்கணும், அடுத்த 24 மணி நேரத்துல ரிப்போர்ட் அனுப்பணும். அதுல தேறின ஆளுகிட்ட ‘என்ன தெரியும்’னு யாரும் கேக்கறதில்லை. ரெண்டு வருஷச் சம்பளத்தை விட்டுட்டு எதுக்குங்க திரும்பவும் இன்டர்னல் எக்ஸாம்?

மருதமலை_அடிவாரம்:
அண்ணன் சொல்ற வேலை இருக்குங்க, இல்லைங்கலை. ஆனா அது சாக்கோட (கம்பெனி நெட்வொர்க்கை 24 மணி நேரமும் கண்காணிக்கற மையம்) முதல் அடுக்கு. அலெர்ட் வரும், பார்ப்பீங்க, மூடுவீங்க, பாதி நாள் நைட் ஷிஃப்ட். ஓ.எஸ்.சி.பி.யில, கம்பெனி லாகின் எல்லாத்தையும் நிர்வகிக்கற ஆக்டிவ் டைரக்டரியை உடைக்கப் பழகலாம். ஒரு காரோட கன்ட்ரோல் யூனிட்டுக்கு செக்யூர் பூட் (ஒரிஜினல் சாஃப்ட்வேர் மட்டும் ஓடற ஏற்பாடு) எப்படி வைக்கறது, கிரிப்டோ சாவியை எந்தச் சிப்புல பூட்டறதுன்னு அதுல வராது. நம்ம ஊர்லயே பாஷ் மாதிரி வண்டிக்கு சாஃப்ட்வேர் எழுதற இடம் இருக்கு. 2021ல வண்டிகளோட சைபர் பாதுகாப்புக்கு ஐ.எஸ்.ஓ./எஸ்.ஏ.ஈ. 21434ங்கற தரநிலை வந்த பிறகு, வடிவமைக்கும்போதே அபாயக் கணக்கு போட்டு எழுதி வைக்கச் சொல்றாங்க. அதுக்கு கிரிப்டோவும் (தகவலைப் பூட்டற குறியாக்கக் கணக்கு) ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட உள்வேலையும் தெரியணும்.

ஆனா போர்டுல ‘சைபர் செக்யூரிட்டி’ன்னு இருக்கறதை நம்பிச் சேர்ந்துறாதீங்க. சிலபஸை எடுத்து, பாதிக்கு மேல ‘சைபர் சட்டம்’, ‘அறிமுகம்’, ‘விழிப்புணர்வு’ன்னு இருந்தா விட்டுருங்க. அதுக்கு எம்.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்து செக்யூரிட்டி எலெக்டிவ் எடுக்கறதே மேல். அப்புறம் லேபைக் காட்டச் சொல்லுங்க. ஒரு மெஷின்ல வயர்ஷார்க் (நெட்வொர்க்ல போற டேட்டாவைப் பார்க்கற சாஃப்ட்வேர்) திறங்க. இன்டர்ஃபேஸ் பட்டியல் காலியா வந்தா, அந்த டேட்டாவைப் பிடிக்க விண்டோஸ்ல வேண்டிய என்பிகேப் போடலை, இல்லாட்டி மாணவர் லாகினுக்கு உரிமை இல்லை. பட்டியல் வந்தும் பக்கத்து மெஷினோட டிராஃபிக் தெரியலைன்னா அது குத்தமில்லை, சுவிட்ச் அப்படித்தான் வேலை செய்யும். ‘மிரர் போர்ட் எதுல விட்டிருக்கீங்க’ன்னு கேளுங்க, அதாவது மத்த மெஷின் டிராஃபிக்கோட நகலைத் தர்ற சுவிட்ச் போர்ட். முழிச்சாங்கன்னா, ரெண்டு வருஷமும் ஸ்கிரீன்ஷாட் ஒட்டித்தான் ரெக்கார்டு எழுதப் போறீங்க.

காசு: கேட் நுழைவுத் தேர்வு தேறிட்டு ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் உள்ள எம்.இ., எம்.டெக் சேர்ந்தா உதவித்தொகை மாசம் 12,400 ரூபாய், 24 மாசத்துக்கு 2,97,600. சேரும்போதே செல்லுபடியாகற கேட் ஸ்கோர் கையில இருக்கணும். எம்.எஸ்சி.க்குக் கிடையாது. தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான சீட்டா (CEETA) மட்டும் எழுதிச் சேர்ந்தாலும் கிடையாது, இது தெரியாமலே நெறையப் பேரு சேர்ந்துடறாங்க. கேட் ஸ்கோர் 3 வருஷம் செல்லும்ங்கறதால, இப்ப எழுதி வெச்சா அடுத்த வருஷமும் சேரலாம்.

கொடிவேரி:
12 லட்சத்தை வெச்சுட்டு எட்டிமடையோட நிறுத்திக்கிட்டீங்களே. ஜெர்மனியில சார்லாந்து பல்கலைக்கழகத்துல ஆங்கிலத்துலயே எம்.எஸ்சி. சைபர் செக்யூரிட்டி இருக்கு. சிஸ்பாங்கற சைபர் பாதுகாப்பு ஆய்வு மையம் அதே வளாகம். கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டர் பங்களிப்பு மட்டும். விசாவுக்கு முடக்கக் கணக்குல (மாசாமாசம் கொஞ்சம்தான் எடுக்க முடியற பேங்க் கணக்கு) 11,904 யூரோ காட்டணும், யூரோ 100 ரூபாய்னு வெச்சா 11.9 லட்சம். அது உங்க காசுதான், மாசம் 992 யூரோவா உங்களுக்கே வருது.

நொய்யல்_கரை:
அது ஒரு வருஷத்துக்குத்தானுங்க. ரெண்டாவது வருஷம் பார்ட் டைம் பார்த்துக்கலாம்னு கெளம்பினா, வேலைக்கும் தீசிஸுக்கும் நடுவுல நசுங்கிப் போவாங்க. அதுலயும் கட்டணமே இல்லைங்கறது ஜெர்மனி முழுக்க இல்லை: பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்துல நம்ம மாதிரி ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ, மூனிக் டெக்னிக்கல் யுனிவர்சிட்டியிலயும் இப்ப வாங்கறாங்க. அமெரிக்கான்னா பேசவே வேண்டாம். 40 லட்சம் கடன், 11 சதவீதம், 10 வருஷம்னா தவணை மாசம் 55,100 ரூபாய். படிக்கற காலத்துல ஏறுற வட்டி இதுல சேரலை.

கொடிவேரி:
பாடன்-வுர்ட்டம்பெர்க் சரிதான், அதனாலதான் சார்லாந்து சொன்னேன். சிக்கல் வேற இடத்துல இருக்கு. தம்பி, முதல்ல உங்க பட்டத்தைச் சரிபார்த்துத் தர்ற ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு விண்ணப்பிங்க, அது இல்லாம மாணவர் விசா நகராது. அப்புறம் அந்தப் பல்கலைக்கழகத்துல மார்க்கைப் பார்க்கறதுக்கு முன்னாடி பாடத்தை எண்ணுவாங்க: கணக்கு எத்தனை கிரெடிட், ஆட்டோமேட்டா மாதிரி கம்ப்யூட்டர் சயின்ஸ் தியரி எத்தனை. நம்ம பி.இ.யில அது குறைச்சல். சி.ஜி.பி.ஏ. 8.5 வெச்சிருந்தாலும் அங்கதான் அடிபடுவீங்க. சிலபஸ் பக்கங்களைப் பாடவாரியாத் தனித்தனியா இணைச்சு அனுப்புங்க.

பெருந்துறை_பிரிவு:
எம்.டெக் முடிச்சா, அனுபவசாலிகளுக்குத் தர்ற சி.ஐ.எஸ்.எஸ்.பி. செக்யூரிட்டி சர்டிஃபிகேட் சீக்கிரம் கிடைக்குங்களா?

நொய்யல்_கரை:
5 வருஷ அனுபவம் கேக்கறாங்க. பட்டத்துக்கு 1 வருஷம்தான் கழிப்பாங்க, அது உங்க பி.இ.லயே கழிஞ்சுது. எம்.டெக் ஒரு நாளைக்கூடக் குறைக்காது. வேலையில இருந்தா அந்த ரெண்டு வருஷமும் கணக்குல ஏறியிருக்கும்.

மருதமலை_அடிவாரம்:
சப்போர்ட் வேலை எல்லாம் தானா ஏறாதுங்ணா, அவங்க சொல்ற எட்டு பிரிவுல ரெண்டுலயாவது செக்யூரிட்டி வேலைன்னு காட்டணும்.

எம்.டெக்ல பணம் திரும்பற இடம் தீசிஸ்தான். நம்ம பக்கம் நூல் மில்லு, பம்ப் டெஸ்ட் பெட், திருப்பூர்ல சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையம், எல்லாத்துலயும் மெஷினை இயக்கற பி.எல்.சி.ங்கற சின்னக் கம்ப்யூட்டர் ஓடுது. அதுங்க நெட்வொர்க்ல பேசிக்கற முறை ஒண்ணு மோட்பஸ் டி.சி.பி., போர்ட் 502: பாஸ்வேர்டே கிடையாது. அதே நெட்வொர்க்ல இருக்கற எந்த மெஷினும் ஒரு ரிஜிஸ்டரை (பி.எல்.சி.யில மதிப்பு இருக்கற இடம்) எழுதி, மோட்டாரை ஓட்டற டிரைவோட வேகத்தை மாத்தலாம். டேலி ஓடற ஆபீஸ் கம்ப்யூட்டரும் அதே சுவிட்ச்ல இருந்தா, வைரஸ் உள்ள ஒரு மெயில் அட்டாச்மென்ட் போதும். தொழிற்சாலை சைபர் பாதுகாப்புத் தரநிலை ஐ.ஈ.சி. 62443 படி, மெஷின் நெட்வொர்க்கை ஆபீஸ்ல இருந்து எப்படிப் பிரிக்கறதுன்னு ஒரு தீசிஸ் எழுதினவன் கூட்டத்துல தொலைய மாட்டான்.

நொய்யல்_கரை:
எந்த மில்லுக்காரருங்க ஓடற மெஷின்ல பையனைக் கை வைக்க விடுவாரு?

மருதமலை_அடிவாரம்:
விடவே கூடாதுங்க. ஓடற பழைய பி.எல்.சி. மேல என்மேப் ஸ்கேன் (எந்தப் போர்ட் திறந்திருக்குன்னு தட்டிப் பார்க்கறது) விட்டாலே சிலது தொங்கிப் போகும், ஷிஃப்ட் நின்னுரும். ராஸ்பெர்ரி பைங்கற சின்னக் கம்ப்யூட்டர் போர்டுல, பி.எல்.சி. மாதிரியே வேலை செய்யற ஓப்பன்பி.எல்.சி. சாஃப்ட்வேர் போட்டு, ஒரு சின்ன டிரைவ் மாட்டி லேப்லயே செய்யணும். மில்லுல கேக்க வேண்டியது நெட்வொர்க் வரைபடமும், மிரர் போர்ட்ல இருந்து ஒரு நாள் டிராஃபிக்கும்தான். தம்பி, சேர்றதுக்கு முன்னாடி கைடைப் பாருங்க. போன ரெண்டு வருஷத்துத் தீசிஸ் தலைப்புகளைக் கேளுங்க. எல்லாமே அதே பழைய டேட்டாசெட்ல ‘மெஷின் லேர்னிங் மூலம் ஊடுருவல் கண்டறிதல்’னு இருந்தா, அண்ணன் சொல்ற மாதிரி வேலைக்கே போயிருங்க.

நொய்யல்_கரை:
அதைத்தான் மொதல்லயே சொன்னேன்.