சார்ஜ்: ஊட்டமா, ஏற்றமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

'சார்ஜ்' (charge) என்ற ஆங்கிலச் சொல் வரும் இடத்திலெல்லாம் தமிழில் 'மின்னூட்டம்' என்றே போட்டுவிடலாம் என்ற யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டணம், குற்றச்சாட்டு, பொறுப்பு ஆகிய பொருள்களில் குழப்பமே கிடையாது. மின்சாரத்துக்குள்ளேயே அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதுதான் சிக்கல்.

எலக்ட்ரானின் சார்ஜ் என்பது ஒரு பண்பு. அதைக் 'கூலும்' (coulomb) என்ற அலகில் அளக்கிறோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அது மின்னூட்டம். போனுக்குப் போடும் சார்ஜோ ஒரு செயல். 5000 மில்லியாம்பியர்-மணி பேட்டரி முழுதாக நிறைய ஏறத்தாழ 18,000 கூலும் அதன் வழியே ஓட வேண்டும். ஆனால் ஒரு முனையில் நுழையும் அளவு மறுமுனையில் வெளியேறிவிடுகிறது. பேட்டரியின் நிகர மின்னூட்டம் அப்போதும் சுழிதான். உள்ளே சேர்வது வேதி ஆற்றல். 'பேட்டரியை மின்னூட்டு' என்று எழுதினால், தலையில் தேய்த்த சீப்பைப் போலப் பேட்டரியும் மின்னூட்டம் பெறுகிறது என்று மாணவர் நினைத்துக்கொள்வார். பாடத்தையே தவறாகப் புரியவைக்கும் சொல் நமக்கு வேண்டாம்.

செயலுக்கு 'ஏற்று' என்ற வினையை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலச் சொல்லின் வேரும் லத்தீனில் வண்டியைக் குறிக்கும் சொல்தான். வண்டியில் பாரம் ஏற்றுவதே பழைய பொருள். ஆனால் எனக்குப் பெரிய சான்று நம் பேச்சு. 'சார்ஜ் ஏறவே மாட்டேங்குது', 'அதுக்குள்ள சார்ஜ் இறங்கிடுச்சு' என்று எல்லோரும் சொல்கிறோம். பெயர்ச்சொல்தான் கடன், வினை தமிழாகவே இருக்கிறது! இயற்பியல் நூல்களிலும் டிஸ்சார்ஜுக்கு மின்னிறக்கம், டிஸ்சார்ஜ் குழாய்க்கு மின்னிறக்கக் குழாய் என்று ஏற்கெனவே உண்டு. இறக்கம் இருக்கும்போது அதற்கு இணை ஊட்டமாக இருப்பது பொருந்தவில்லை.

ஒரு தடை உண்டு. இலங்கைப் பாடநூல்களில் பண்பையே ஏற்றம் என்கிறார்கள்: நேரேற்றம் (பாசிட்டிவ் சார்ஜ்), மறையேற்றம் (நெகட்டிவ் சார்ஜ்). நாம் செயலை 'மின்னேற்றம்' என்றால் அங்குள்ளவர்களுக்குக் குழப்பம். அதனால் செயலுக்கு மின்னேற்றல் என்று தொழிற்பெயராகவே வைக்கலாம். மின்னேற்றி, மின்னேற்று நிலையம், விரைவு மின்னேற்றல் எல்லாம் சிரமமின்றி வரும். பண்புக்கு அவரவர் பாடநூல் சொல் அப்படியே இருக்கட்டும்.

அப்புறம், 'மின்னேற்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது வேறு வினை. பொறுப்பை ஏற்றார் என்பது 'ஏல்' வழி வருவது. பாரத்தை ஏற்றினார் என்பது 'ஏற்று'. இரண்டையும் கலக்க வேண்டாம்.

பயன்படுத்தாமல் வைத்தாலும் பேட்டரி மெல்ல இறங்குகிறதே, அதற்குத் 'தன்னிறக்கம்' என்று நினைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.