என்ஹான்சருக்கு ஒரு தமிழ்ச்சொல் (திங்கட்கிழமை வகுப்புக்குள்)

கோவையிலிருந்து:
வணக்கம். திங்கட்கிழமை இளநிலை விலங்கியல் மாணவர்களுக்குத் தமிழ்வழியில் பரிணாமப் பாடம் எடுக்கிறேன். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள சாவோ தோமே தீவின் பழ ஈக்கள்தான் எடுத்துக்காட்டு. டிரோசோஃபிலா யாகுபா ஆணின் வயிற்றுக் கடைசிக் கண்டங்கள் கறுப்பு. அதே தீவில் மலைமேல் இருக்கும் அதன் நெருங்கிய உறவு சாந்தோமியா, 1998இல் கண்டுபிடிக்கப்பட்டது, வயிறு முழுக்க மஞ்சள். காரணங்களில் ஒன்று 'டான்' மரபணு. அதன் புரதம் கெடவில்லை. அதை வயிற்றில் இயங்கச் செய்யும் பக்கத்து டி.என்.ஏ. துண்டுதான் கெட்டிருக்கிறது, அதுவும் தனித்தனியாக மூன்று தடவை. அந்தத் துண்டு என்ஹான்சர். 'மேம்படுத்தி' என்று எழுதினால் ஈயின் நிறம் மேம்படுகிறது என்று பிள்ளைகள் எழுதி வைக்கிறார்கள். ஞாயிறு இரவுக்குள் நல்ல சொல் வேண்டும்.

மதுரையிலிருந்து:
அம்மா, மிகு தன்வினை, மிகுத்து பிறவினை. ஆகவே 'மிகுத்தி'. உந்து என்பதிலிருந்து 'உந்தி'யும் வரும், ஆனால் அதற்கு ஆறு, நீர்ச்சுழி, கொப்பூழ் என்று ஏற்கெனவே பொருள்கள் உண்டு. வயிற்றைப் பற்றிய பாடத்தில் கொப்பூழ் வேண்டாம். இன்னொன்று: இந்தத் துண்டு தனியாக எதையும் செய்யாது, மரபணுவைச் சார்ந்தே வேலை செய்யும். இடைச்சொல்லும் அப்படித்தானே, தொல்காப்பியம் சொல்வதுபோல் 'தமக்கியல் பிலவே', தனித்து இயங்காது. 'இடைத்துண்டு' எனலாம்.

சிங்கப்பூரிலிருந்து:
இடைத்துண்டு என்றால் மாணவர் இன்ட்ரானைத்தான் (மரபணுவின் நடுவே வந்து, ஆர்.என்.ஏ.விலிருந்து வெட்டி நீக்கப்படும் பகுதி) நினைப்பார். என்ஹான்சர் என்றே எழுதி, கீழே ஒரு வரி விளக்கம் கொடுங்கள். தேர்வில் தமிழ்ச்சொல் எழுதுகிறவர் நாளை ஆய்வுக்கட்டுரை படிக்கும்போது தடுமாறுவார். ஜீன் என்றாலும் மரபணு என்றாலும் புரிகிறதே.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கள் பிள்ளைகளுக்கு அது பரம்பரையலகு, உங்கள் நொதி எங்களுக்கு நொதியம். ஆகவே எல்லோருக்கும் புரியும் சொல் என்று ஒன்று முதலிலேயே இல்லை. பொருளைப் பாருங்கள். இந்தத் துண்டு எங்கே, எப்போது என்று தீர்மானிக்கிறது, கூட்டுவது மட்டும் அதன் வேலை அன்று. இடம், ஏவு: 'இடவேவி'.

மதுரையிலிருந்து:
புணர்ச்சி சரி. அதே கையோடு சிஸ் (மரபணுவின் பக்கத்து டி.என்.ஏ.விலேயே நேரும் மாற்றம்), டிரான்ஸ் (அதை இயக்கும் வேறு புரதங்களில் நேரும் மாற்றம்) இரண்டையும் முடிப்போம். லத்தீனில் இப்பக்கம், அப்பக்கம். நமக்குச் சுட்டெழுத்து இருக்க என்ன கவலை? 'இக்கரை மாற்றம்', 'அக்கரை மாற்றம்'. மரபணுப் பெயர்களையும் பெயர்த்துவிடலாம்: யெல்லோ மஞ்சள், எபனி கருங்காலி.

கோவையிலிருந்து:
ஐயா, அது மட்டும் வேண்டாம். யெல்லோ மரபணு கறுப்பு நிறமி உண்டாக உதவுவது. அது கெட்டால்தான் ஈ மஞ்சளாகும். எபனி நேரெதிர்: அது கெட்டால் ஈ கறுக்கும். மரபணு கெட்ட ஈயின் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். 'மஞ்சள் மரபணு கறுப்பைத் தருகிறது' என்று நான் கரும்பலகையில் எழுத முடியாது. ஒலிபெயர்ப்பே இருக்கட்டும். இக்கரை, அக்கரை எனக்குப் பிடித்திருக்கிறது. பழைய ஒழுங்குத்துண்டும் (என்ஹான்சர் போன்றது) புதியதும் கலப்பின ஈயின் ஒரே செல்லில், அதே புரதங்களுக்கு நடுவே இருக்கும்போது மரபணுவின் இரண்டு படிகளும் வெவ்வேறு அளவில் இயங்கினால், கோளாறு இக்கரையில்தான் என்று சொல்லிவிடலாம்.

சென்னையிலிருந்து:
சாந்தோமியா என்றதும் மயிலாப்பூர்ச் சாந்தோம் நினைவுக்கு வந்தது. தீவுக்கும் நம்மூர்ப் பகுதிக்கும் போர்த்துகீசியர் வைத்தது அதே தோமாவின் பெயர். சரி, சொல்லுக்கு வருகிறேன்: 'முடுக்கி'. துகள் முடுக்கியைப் பள்ளியிலேயே படித்திருக்கிறார்கள். 'மரபணு முடுக்கி' என்றால் குழம்பாது.

சிங்கப்பூரிலிருந்து:
முடுக்கிக்கு என் வாக்கு.

மதுரையிலிருந்து:
மிகுத்தியை யாரும் தொடவில்லை. முடுக்கி பரவாயில்லை.

கோவையிலிருந்து:
பெரும்பான்மை முடுக்கி. வகுப்புக்கு அதையே எழுதுகிறேன், நேரம் ஆகிவிட்டது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
வகுப்புக்குப் போகட்டும். பாடநூலில் ஏறுவதற்கு நான் உடன்படவில்லை. டிரோசோஃபிலா பயார்மிபெஸ் என்ற இன்னொரு பழ ஈயின் ஆணின் சிறகு நுனியைப் பாருங்கள், அங்கே ஒரு கரும்பொட்டு. அதே யெல்லோ மரபணு, ஆனால் அதன் ஒழுங்குத்துண்டு புதிதாகச் சில புரதங்களைப் பற்றிக்கொள்ளக் கற்றதால் பொட்டு இருக்கும் இடத்தில் மட்டும் அது கூடுதலாக இயங்குகிறது. இங்கே எது முடுக்கப்பட்டது? நிறத்துக்கு ஒரு புது இடம் கிடைத்தது. 'இடவேவி'யைப் பட்டியலில் வைத்திருங்கள்.