காரை அம்மோனைட் புதிய இனமா? ஒப்பிட அளவுகள் வேண்டும்

நண்பர்களே, பெரம்பலூர் மாவட்டம் காரைக் களிமண் படிவத்தில் கிடைத்த, ஓட்டின் வெளி விளிம்பில் கீல் (மேடான வரம்பு) ஓடும் மார்ட்டோனிசெராஸ் பேரின அம்மோனைட்டுகளை (அழிந்துபோன, சுருள் ஓடுடைய கடல் உயிரிகளின் புதைபடிவங்களை) விவரித்து வருகிறோம். புதிய பெயர் வைக்க இன்னும் ஒப்பீடு போதவில்லை.

கைவசம் இதே பேரினம் உள்ளவர்கள் விட்டம், சுருள் உயரம், சுருள் அகலம், தொப்புள் (சுருளின் நடுக்குழி) அகலம் நான்கையும் மி.மீ.யில் அனுப்புங்கள். வெறும் விகிதம் உதவாது; வளர வளர விகிதமே மாறும். சுருள் அகலத்தை விலாவின் (ஓட்டின் மேலுள்ள புடைப்பு வரியின்) மேலும் விலாக்களுக்கு இடையிலும் தனித்தனியே அளக்கவும். களிமண்ணில் நசுங்கியவை மெலிந்து வேறு இனம்போலத் தெரியும், அவற்றைத் தனியாகக் குறியுங்கள். நசுங்காத பாஸ்பேட் வார்ப்புகளே (ஓட்டுக்குள் பாஸ்பேட் கனிமம் நிரம்பி இறுகியவை) நம்பகமானவை. கடைசித் தையல்கோடுகள் (உள்ளறைச் சுவர்கள் ஓட்டைத் தொடும் கோடுகள்) நெருங்கியிருந்தால் முதிர்ந்த உயிர். சிறியதும் பெரியதும் ஒரே இனத்தின் இருபாலாகவும் இருக்கலாம் என்பதால் இது மிக முக்கியம்.

படத்துக்கு, புடைப்புகள் தெளிவாகத் தெரிய அம்மோனியம் குளோரைடு வெண்பொடி பூசி, இடப்பக்க மேல்மூலையிலிருந்து ஒளி, கூடவே அளவுகோல். எடுத்த அடுக்கு தெரியாத மாதிரி வேண்டாம்.

1860-களில் தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா விவரித்த தென்னிந்திய அம்மோனைட் மாதிரிகள் கொல்கத்தாவில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிடம் உள்ளன. அவற்றின் புகைப்படமோ தையல்கோட்டு வரைபடமோ வைத்திருப்பவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள். அச்சிட்ட ஓவியத்தை மட்டும் நம்பிப் பெயர் வைப்பது சரியல்ல.