கீழே நடந்துகொண்டிருந்தவர்: ஒரு மெலோடிக் பேஸ் ஆல்பமும் நம் காதுகளும்

இல்லேனியம் என்ற பெயரில் இசையமைக்கும் அமெரிக்கரின் 'அவேக்' ஆல்பம் 2017இல் வெளிவந்தது. மெட்டும் கனமான கீழொலியும் (பேஸ்) சேர்ந்த மின்னணு இசை; மெலோடிக் பேஸ் என்பார்கள். நான் அதைக் கேட்டது வெகு தாமதமாக. அதுவும் பாத்திரம் துலக்கிக்கொண்டே, கைபேசியின் ஸ்பீக்கரில். பாதியில் நிறுத்திவிட்டேன். ஒரு குரல் பாடுகிறது, பியானோ சேர்ந்துகொள்கிறது, பாட்டு படிப்படியாக ஏறி, இதோ வந்துவிட்டது, இதோ வந்துவிட்டது என்று ஆசை காட்டுகிறது. உச்சிக்குப் போனதும் யாரோ பழைய செய்தித்தாளைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். இதற்கா இவ்வளவு முஸ்தீபு என்று கையைத் துடைத்துக்கொண்டு அணைத்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து ஓர் இரவு ரயிலில் தூக்கம் பிடிக்கவில்லை. தம்பியின் பெரிய ஹெட்போன் என் பையில் இருந்தது. (இன்னும் திருப்பித் தரவில்லை. அவன் இதைப் படிக்காமல் இருக்கக் கடவது.) அதே ஆல்பம், அதே பாட்டு, அதே ஏற்றம். டிராப் வந்த இடத்தில், அதாவது ஏற்றம் முடிந்து முழு ஒலியும் வந்து விழும் இடத்தில், செய்தித்தாள் கிழியத்தான் செய்தது. ஆனால் அதற்கு அடியில் யாரோ நடந்துகொண்டிருந்தார். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கனமான, அவசரமே இல்லாத நடை. அந்த பேஸ் ஓர் அடி கீழே இறங்கியதும், மேலே ஒலித்துக்கொண்டிருந்த மெட்டு துக்கமாகிவிட்டது. அடுத்த அடி வைத்ததும் அதே மெட்டு ஆறுதலாகிவிட்டது. மெட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை. பாட்டில் பாதியை நான் அதுவரை கேட்டதே இல்லை.

பிறகு காரணம் தேடிப் படித்தேன். இந்த இசையில் பேஸ் பெரும்பாலும் 30 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை இறங்கி ஓடுகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் எட்டரை மீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய கைபேசி ஸ்பீக்கரை அதை எழுப்பச் சொல்வது, கரண்டியால் கடலைக் கலக்கச் சொல்வதுபோல. ஒரு சுரத்தோடு சேர்ந்தே மெலிதாக எழும் மேற்சுரங்கள் இருந்தால், கேட்காத அடிச்சுரத்தை மூளையே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். ஆனால் சப்-பேஸ் எனப்படும் இந்த அடியாழ ஒலி பல சமயம் மேற்சுரமே அதிகம் இல்லாத வெறும் அலை. ஊகிப்பதற்குப் பிடிமானம் இல்லை. உங்களுக்கு இந்த இசை எந்த இடத்தில் பிடிபட்டது? எழுதுங்கள்.

* * *

மேலே கேட்ட நண்பருக்கு என் பதில்: எனக்குப் பிடிபட்டது கேட்டு அல்ல, செய்து பார்த்துக் கெடுத்தபோது. வீட்டுக் கணினியில் இந்த வகை ஒலிகளைச் செய்து பழகுகிறேன். டிராப்பில் எழும் அந்த அகன்ற சத்தத்துக்கு 'சூப்பர் சா' என்று பெயர். ரோலண்ட் நிறுவனம் 1996இல் கொண்டுவந்த ஜேபி-8000 சிந்தசைசரில் இருந்து பரவியது. ரம்பப்பல் வடிவ அலைகள் ஏழு, ஒரே சுரத்தில், ஆனால் ஒவ்வொன்றும் மயிரிழை சுருதி விலகி. விலகலைச் சுழியத்தில் வைத்தேன்: கொசு. திருகியை மெல்லத் திருப்பினேன்: கொசு கரைந்து, ஒரு கூட்டமே சேர்ந்து பாடுவதுபோல விரிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன்: சகிக்கவில்லை. சுருதி சேராமல் இருப்பதுதான் அழகு, ஆனால் எவ்வளவு சேராமல் இருக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்தது சைட்செயின் கம்ப்ரஷன். கிக் எனும் பெரிய மேள அடி விழும் நொடியில் மற்ற எல்லா ஒலியும் பதுங்கி, உடனே எழும். கிக்குக்கு இடம்விடச் செய்யும் தந்திரம்தான். ஆனால் பாட்டு மூச்சுவிடுவதுபோல நமக்குத் தோன்றுவது அதனால்தான். ஒருநாள் அதை மட்டும் அணைத்துவிட்டுக் கேட்டேன். எல்லாச் சுரமும் அங்கேயே இருந்தது, உயிர் மட்டும் இல்லை.

நண்பர் சொன்ன 'அவசரமில்லாத நடை'க்கும் காரணம் உண்டு. கணக்குப்படி நிமிடத்துக்கு 140, 150 தாள அடி ஓடுகிறது. ஆனால் ஸ்னேர் எனும் சுள்ளென்ற மேள ஒலி நான்கு அடிக்கு ஒருமுறை, மூன்றாவது அடியில்தான் விழுகிறது. காது அதைப் பாதி வேகமாக எடுத்துக்கொள்கிறது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெற்கு லண்டனில் பிறந்த டப்ஸ்டெப் என்னும் மின்னணு இசை வகையிடம் வாங்கிய சொத்து இது. மேலே துரித காலம், கீழே விளம்ப காலம்.

* * *

இடது காது எனக்குச் சிறுவயதிலிருந்தே கேட்காது. எந்தப் பாட்டையும் பாதி திருடப்பட்ட நிலையில்தான் கேட்பேன். இடது பக்கம் வைக்கப்பட்ட கிட்டார் எனக்கு வதந்தி மட்டுமே. கைபேசியில் மோனோ ஒலி அமைப்பு உண்டு. அதைப் போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்ந்து வலக் காதுக்கு வந்துவிடும், ஆனால் அகலம் போய்விடும். மேலே எழுதியவர் சொல்லும் சூப்பர் சாவை இடமும் வலமுமாகப் பரப்பித்தான் வைப்பார்கள். அந்த விரிவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியப்போவதில்லை.

ஆனால் அடி பேஸை நடுவில், ஒற்றைத் தடத்தில் வைப்பதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். அதில் எனக்கு ஒரு துளி குறைவதில்லை. இரண்டு காதுள்ளவருக்குக் கிடைப்பது அப்படியே எனக்கும் கிடைக்கிறது. இந்த ஆல்பத்தை நான் விரும்புவதற்குப் பெரிய காரணம் இந்தச் சமத்துவம்தான் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

இன்னொன்று. ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக் கேட்பேன். பாட்டு டிராப்பை நோக்கி ஏறும்போது சத்தம் கூடிக்கொண்டே போகும். ஆனால் கையின் கீழே பெட்டி மெல்லச் செத்துப்போகும். அந்த ஏற்றத்தில் கீழொலியை வடித்து எடுத்துவிடுகிறார்கள். காதுக்கு நெரிசல், கைக்கு வெறுமை. டிராப்புக்கு முன்னால் ஒரு கணம் காதுக்கும் ஒன்றும் இல்லை. பிறகு பெட்டி கையைத் தள்ளுகிறது. நூறு தடவை கேட்டிருப்பேன். அந்தத் தள்ளலுக்கு முன்னால் இன்றும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

* * *

கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், கோபிக்க வேண்டாம். அழகுதான், ஆனால் அச்சில் வார்த்த அழகு. சோகக் குரல், பியானோ, ஏற்றம், டிராப். மீண்டும் குரல், ஏற்றம், டிராப். நான்காவது பாட்டில் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. இல்லேனியம் பிற்காலத்தில் கிராமி விருதுப் பரிந்துரை பெற்றவர் என்று யாரோ சொன்னார்கள். அதனால் கொட்டாவி நிற்கவில்லை.

என்னைக் கொஞ்சம் அசைத்தது ஆல்பங்களை வரிசையாகக் கேட்டதுதான். 'ஆஷஸ்' 2016, 'அவேக்' 2017, 'அசெண்ட்' 2019. சாம்பல், விழிப்பு, மேலெழுதல். அவருடைய சின்னம் பீனிக்ஸ் பறவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தான் ஹெராயின் பழக்கத்தில் சிக்கி, ஒருமுறை சாவின் விளிம்புவரை போய்வந்ததை 2018இல் அவரே வெளிப்படையாக எழுதினார். அதைப் படித்தபின் அந்த ஏற்றங்கள் எனக்கு வேறுமாதிரி கேட்டன. அது இசையின் பெருமையா, என் மனத்தின் பலவீனமா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். வாழ்க்கைக் கதையைக் காட்டி மதிப்பெண் வாங்குவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் டிராப்பில் பாடகியின் குரலைத் துண்டுதுண்டாக வெட்டி, சுருதி மாற்றி வாத்தியமாக ஆக்கும் வழக்கம் இருக்கிறதே, அந்த இடங்களில் மட்டும் கொட்டாவி வரவில்லை. சொற்கள் கரைந்துபோய் அசைகள் மட்டும் மிஞ்சுகின்றன. அழுகிறவர்கள் பேசுவதும் ஏறக்குறைய அப்படித்தான்.

* * *

முதலில் எழுதியவன்தான், மறுபடி வந்திருக்கிறேன். கொட்டாவி விட்டவரிடம் எனக்கு வழக்கில்லை. அடுத்தடுத்து ஐந்து பாட்டு என்னாலும் முடியாது. இரண்டு கேட்டு எழுந்துவிடுவேன்.

ஒற்றைக் காது நண்பர் சொன்னதற்காக நேற்று இரவு மோனோவில் போட்டுக் கேட்டேன். மேல்பகுதி சுருங்கிப்போயிற்று, கூரை தலைக்குமேல் தாழ்ந்ததுபோல. கீழே நடப்பவர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். உள்ளங்கைச் சோதனையையும் செய்து பார்க்க ஆசை. அதற்கு நல்ல ஸ்பீக்கர் பெட்டி வேண்டும். தம்பியிடம் ஒன்று இருக்கிறது. போய்க் கேட்டால் முதலில் ஹெட்போன் எங்கே என்பான்.